லாலா அமர்நாத்: பாதியில் கப்பலேற்றி அனுப்பப்பட்ட ஆட்டக்காரர்



மலர்க் குழுவினர் இளம்பிள்ளையில் என் வீடு தேடி வந்து, விளையாட்டுப் பகுதிக்கு ஒரு பெரிய வீரரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார்கள். நாற்பது வருஷம் பி.டி. மாஸ்டராக விசில் ஊதியவன் ஆயிற்றே, கபில்தேவோ பி.டி. உஷாவோ என்று எழுதுவான் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது லாலா அமர்நாத். 2000-ஆம் ஆண்டு காலமாகிவிட்ட பழைய ஆள். இன்றைய பிள்ளைகளுக்கு, 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் நாயகன் மொகிந்தர் அமர்நாத்தின் அப்பா என்றால் விளங்கும். அவரை ஏன் எடுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1911 செப்டம்பர் 11-ஆம் தேதி பஞ்சாபில் கபுர்தலாவில் பிறந்தவர் அமர்நாத். வசதியான குடும்பம் இல்லை. வளர்ந்தது லாகூரில். அங்கே பையனின் ஆட்டத்தைப் பார்த்த ஒரு முஸ்லிம் கிரிக்கெட் குடும்பம் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆதரித்து வளர்த்தது. அந்தக் காலத்தில் கிரிக்கெட் என்றால் ராஜாக்களும் நவாபுகளும் பணம் போட்டு நடத்துகிற ஆட்டம். சாதாரண வீட்டுப் பையன் மேலே வரவேண்டுமானால் மட்டை ஒன்றுதான் அவனுக்குச் சிபாரிசு.

அந்த மட்டை பேசிய நாள் 1933 டிசம்பரில் வந்தது. இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட். இடம் பம்பாய் ஜிம்கானா. எதிரே டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து. ஆஸ்திரேலியாவில் பாடிலைன் பந்துவீச்சால் ஊரையே கலக்கிவிட்டு வந்த அதே ஜார்டின்தான். அமர்நாத்துக்கு அது முதல் டெஸ்ட், வயது 22. முதல் இன்னிங்ஸில் 38. இரண்டாவது இன்னிங்ஸில் கேப்டன் சி.கே. நாயுடுவோடு சேர்ந்து மூன்றாவது விக்கெட்டுக்கு 186 ரன். அமர்நாத் எடுத்தது 118. டெஸ்டில் ஓர் இந்தியர் அடித்த முதல் சதம் அதுதான். பார்க்க வந்த சீமாட்டிகள் போட்டிருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். ஆட்டத்தில் நாம் 9 விக்கெட்டில் தோற்றோம். ஆனால் அதை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. லாகூர்ப் பையன் ஒரே நாளில் நாட்டுக்கே செல்லப்பிள்ளை ஆகிவிட்டான்.

நிற்க. இனிமேல்தான் நம் விஷயம் வருகிறது.

1936-ல் இந்திய அணி இங்கிலாந்து போனது. கேப்டன் விஜயநகரம் மகாராஜ்குமார். கிரிக்கெட் உலகம் அவரை விஸி என்று கூப்பிடும். மேனேஜர் மேஜர் பிரிட்டன் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர். விஸி இந்தியக் கிரிக்கெட்டுக்கு ஒன்றும் செய்யாதவர் அல்ல. ஹாப்ஸ், சட்கிளிஃப் போன்ற பெரிய ஆட்டக்காரர்களைத் தன் செலவில் இந்தியாவுக்கு அழைத்து வந்து ஆட வைத்தவர். ஆனால் கேப்டன் பதவி அவருக்குக் கிடைத்தது ஆட்டத்தால் அல்ல, செல்வாக்கால். அந்தத் தொடரில் மூன்று டெஸ்டில் ஆறு இன்னிங்ஸ் ஆடி மொத்தம் 33 ரன் எடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அணிக்குள் கோஷ்டி கிளம்பிவிட்டது. நாயுடு பக்கம் ஒரு கூட்டம், விஸி பக்கம் ஒரு கூட்டம். நம்ம சென்னை வீரர் எம்.ஜே. கோபாலன், அதே வருஷம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கிக்குப் போகும் வாய்ப்பை விட்டுவிட்டு இந்தப் பயணத்துக்கு வந்தார். ஒரு டெஸ்டில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

இந்த நிலைமையில் ஜூன் மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் மைனர் கவுண்டீஸ் அணியோடு ஓர் ஆட்டம். அமர்நாத்தைப் பேடு கட்டிக்கொண்டு தயாராக இருக்கச் சொன்னார்கள். விக்கெட் விழுந்தது, வேறொருவர் போனார். மறுபடி விழுந்தது, இன்னொருவர் போனார். மணிக்கணக்கில் பேடோடு உட்கார வைத்துவிட்டு, ஆட்டம் முடிய சில நிமிஷம் இருக்கும்போது அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் கோபத்தில் ஆட்டச் சாமான்களைத் தூக்கி எறிந்து, பஞ்சாபியில் நாலு வார்த்தை சத்தமாகச் சொல்லிவிட்டார்.

அவர் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அணி என்றால் ஒழுங்கு வேண்டும். கேப்டனுக்கு மரியாதை வேண்டும். என் மைதானத்தில் ஒரு பையன் அப்படி நடந்திருந்தால் நானும் கண்டித்திருப்பேன். ஒரு நாள் உட்கார வைத்திருப்பேன், மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அங்கே நடந்தது என்ன? கேப்டனும் மேனேஜரும் முடிவு செய்தார்கள்: இவன் ஊருக்குப் போகட்டும். மூத்த வீரர்கள் பரிந்து பேசியும் பலன் இல்லை. அந்தப் பயணத்தில் அதுவரை 613 ரன்னும் 32 விக்கெட்டும் எடுத்திருந்த ஆட்டக்காரரை, முதல் டெஸ்டுக்குச் சில நாள் இருக்கும்போது, சௌதாம்ப்டன் துறைமுகத்தில் கைசர்-இ-ஹிந்த் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். புகார் சொன்னவர் யார்? கேப்டன். விசாரித்தவர் யார்? கேப்டனும் மேனேஜரும். தீர்ப்புச் சொன்னவர்? அவர்களேதான். அமர்நாத் ஏன் கத்தினார், அவரை எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள் என்பதை வெளியாள் ஒருத்தர்கூட உட்கார்ந்து கேட்கவில்லை.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இளம்பிள்ளையில் திரும்பின பக்கமெல்லாம் தறிச் சத்தம். சேலையில் ஒரு குறை வந்துவிட்டால் நியாயமான முதலாளி எடுத்த எடுப்பில் கூலியைப் பிடிக்கமாட்டார். சேலையை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். பாவு நூலில் குறையா, சாயம் சரியாக ஏறவில்லையா, தறியில் கோளாறா, இல்லை நெய்தவன் கை தவறியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நெய்தவனையும் பக்கத்தில் நிறுத்தித்தான் கேட்பார். அதற்குப் பிறகுதான் கூலிப் பேச்சு. பள்ளிக்கூடம் பார்க்காதவர்களும் கடைப்பிடித்த இந்த முறையைத்தான் சட்டம் படித்தவர்கள் இயற்கை நீதி என்கிறார்கள்.

அமர்நாத் ஊர் வந்து சேர்ந்ததும் நாட்டில் பெரிய கூச்சல் எழுந்தது. அணி 2-0 என்று தோற்றுத் திரும்பியது. விசாரணை வைக்காமல் முடியாது என்ற நிலை. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் பொமான்ட் தலைமையில் குழு அமைத்தார்கள். 1937 ஜனவரியில் அறிக்கை வந்தது. கேப்டனுக்கு ஆட்களை நிறுத்தத் தெரியவில்லை, பந்துவீச்சை மாற்றத் தெரியவில்லை, மட்டை பிடிக்கும் வரிசையை நிலையாக வைத்துக்கொள்ளவில்லை என்று குழு கண்டது. அமர்நாத்தைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

நல்ல முடிவுதானே, அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். கணக்குப் பாருங்கள். ஜூனில் தண்டனை, ஜனவரியில் விடுதலை. இடையில் மூன்று டெஸ்ட் போய்விட்டது. 1939-ல் உலகப்போர் வந்தது. இந்தியாவுக்கு அடுத்த டெஸ்ட் கிடைத்தது 1946-ல்தான். 1934 தொடக்கத்தில் மூன்றாவது டெஸ்ட் ஆடிய அமர்நாத், நாலாவது டெஸ்ட் ஆடும்போது வயது 34. ஓர் ஆட்டக்காரனின் 24 வயதை எந்த அறிக்கை திருப்பித் தரும்? போர் விசாரணைக்காரர்கள் கையில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மூன்று டெஸ்ட் அவர்கள் கையில்தான் இருந்தது.

இந்த நடுக்காலத்தில், 1938 முதல் 1946 வரை, கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தவர் நம்ம பக்கத்துக்காரர்: திருச்செங்கோட்டுக்கு அருகே குமாரமங்கலம் ஜமீன்தார், சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த டாக்டர் ப. சுப்பராயன். சேலம், நாமக்கல் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

1946 ஜூன். மறுபடி இங்கிலாந்து, மறுபடி அதே லார்ட்ஸ். எந்த மைதானத்தில் பேடோடு காக்க வைத்தார்களோ, அங்கே அமர்நாத் பந்தை எடுத்தார். ஹட்டன், வாஷ்புரூக், காம்ப்டன், ஹாமண்ட் என்று இங்கிலாந்தின் முதல் நாலு விக்கெட்டும் அவருக்கே. மொத்தம் 118 ரன்னுக்கு 5 விக்கெட். முதல் டெஸ்டில் அவர் அடித்த அதே 118! அடுத்து மான்செஸ்டரிலும் 5 விக்கெட் எடுத்தார்.

1947-48-ல் சுதந்திர இந்தியாவின் முதல் கேப்டனாக ஆஸ்திரேலியா போனார். நாடு பிரிந்து, லாகூர் அந்தப் பக்கம் போய்விட்ட நேரம் அது. பிராட்மனின் அணியிடம் 4-0 என்று தோற்றோம். ஆனாலும் பிரிஸ்பேனில் 185 ரன் எடுத்திருந்த பிராட்மன், அமர்நாத்தின் பந்தில் தன் மட்டையாலேயே ஸ்டம்பைத் தட்டிக்கொண்டு அவுட் ஆனார். டெஸ்டில் பிராட்மனை ஹிட் விக்கெட் முறையில் வெளியேற்றிய ஒரே பந்துவீச்சாளர் அமர்நாத்.

இதோடு கதை சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1948-49-ல் வெஸ்ட் இண்டீஸ் இங்கே வந்து ஆடிவிட்டுப் போனது. அந்தத் தொடர் முடிந்த கொஞ்ச நாளில், 1949 ஏப்ரலில், கிரிக்கெட் வாரியம் அமர்நாத்தைத் தள்ளி வைத்தது. தொடர்ந்து தவறாக நடக்கிறார், ஒழுங்கை மீறுகிறார் என்பது காரணம். அப்போது வாரியத் தலைவர் அந்தோணி டி மெல்லோ. இருவருக்கும் ஏற்கெனவே ஒத்துப்போகவில்லை. வேடிக்கை என்னவென்றால் முதலில் தண்டனை வந்தது, பிறகுதான் குற்றப்பட்டியல் வெளியானது! மொத்தம் 23 குற்றச்சாட்டு. கல்கத்தாவில் 5,000 ரூபாய் பணமுடிப்பு வாங்கிக்கொண்டு உள்ளூர்க்காரர் ஒருவரை அணியில் சேர்த்தார் என்பதும் அதில் ஒன்று. அமர்நாத் எல்லாவற்றையும் மறுத்து 39 பக்கத்தில் பதில் கொடுத்தார்.

1936-க்கும் 1949-க்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். முதல் தடவை அவர் 24 வயதுப் பையன், பக்கத்தில் ஆள் இல்லை, கப்பலில் ஏறிவிட்டார். இரண்டாம் தடவை எழுத்துக்கு எழுத்தால் பதில் சொல்லத் தெரிந்திருந்தது. தடை நிலைக்கவில்லை. 1951-ல் டி மெல்லோவின் தலைவர் பதவி போனது. அந்தப் பருவத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அமர்நாத் மறுபடி இந்திய அணியில் ஆடினார். 1952-ல் பாகிஸ்தானோடு நடந்த முதல் தொடருக்கு அவரே கேப்டன். 2-1 என்று ஜெயித்தார். டெஸ்ட் தொடர் ஒன்றில் இந்தியாவின் முதல் வெற்றி அது. எதிரணிக் கேப்டன் கர்தாரும் லாகூர்க்காரர்தான். அத்தோடு அமர்நாத்தின் டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது: 24 டெஸ்ட், 878 ரன், 45 விக்கெட். அந்த முதல் டெஸ்ட் சதம்தான் அவருடைய ஒரே சதம்.

பிறகு 1950-களின் நடுவில் தேர்வுக்குழுத் தலைவர் ஆனார். அதே சமயம் 1954 முதல் 1956 வரை வாரியத் தலைவர் யார் தெரியுமா? விஸி! காலம் செய்கிற வேலை அப்படி. அமர்நாத் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எல்லாம் நியாயமாகவே நடந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1958-59-ல் வெஸ்ட் இண்டீஸ் வந்தபோது ஐந்து டெஸ்டுக்கு நாலு கேப்டன். சென்னை டெஸ்டுக்கு முன் இரவு, ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் வந்த தகராறில் பாலி உம்ரிகர் கேப்டன் பதவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அநியாயம் பட்டவன் கைக்கு அதிகாரம் வந்தால் அங்கே தானாக நியாயம் வந்துவிடாது. அதற்கு முறை வேண்டும். ஆளை மட்டும் நம்பிப் பயனில்லை.

வெளிநாட்டில் இதைவிடக் கொடுமை நடந்திருக்கிறது. ஜிம் தோர்ப் என்ற அமெரிக்கப் பழங்குடி மாணவர், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வாங்கினார். 1909, 1910 கோடைக்காலங்களில் சொற்பச் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியிருக்கிறார் என்று 1913 ஜனவரியில் பத்திரிகையில் செய்தி வந்தது. பதக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள். ஆட்சேபணை இருந்தால் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது அந்தப் போட்டியின் விதி. புகார் வந்ததோ ஆறு மாதம் கழித்து. தங்கள் விதியைத் தாங்களே பார்க்கவில்லை. தோர்ப் 1953-ல் இறந்தார். பதக்கங்கள் அவர் பிள்ளைகளிடம் வந்தது 1983-ல். அவர் ஒருவரே வெற்றியாளர் என்று முழுசாக ஒத்துக்கொண்டது 2022-ல்!

இப்போது காரணத்துக்கு வருகிறேன்.

1970-களின் நடுவில் நம் கல்லூரி வாலிபால் அணிக்கு நான் கேப்டன். எங்களில் நன்றாக அடிப்பவன் ஒரு நெசவாளி வீட்டுப் பையன். வெளியூர்ப் போட்டிக்குப் போய்த் தங்கிய இடத்தில், எதிரணிப் பையன் ஒருவனின் கைக்கடிகாரம் காணாமல் போய்விட்டது. அந்த அறைப் பக்கம் இவனைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். அன்று ராத்திரியே அவனை அணியிலிருந்து நீக்கி ஒரு கடிதம் தயாரானது. கேப்டன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். காலையில் அரையிறுதி ஆட்டம், பிரச்சினை வேண்டாம் என்று நான் போட்டுவிட்டேன். ரெண்டு மாடி ஏறிப்போய் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் விடியற்காலை பஸ்ஸில் தனியாக ஊர் திரும்பினான். மறுவாரம் அந்தக் கடிகாரம், தொலைத்தவனின் பெட்டிக்குள்ளேயே துணி மடிப்பில் கிடைத்ததாகத் தகவல் வந்தது. நீக்கின கடிதத்தைப் பலகையில் ஒட்டினோம். கிடைத்த தகவலை யாரும் ஒட்டவில்லை. அவன் மறுபடி மைதானத்துக்கு வரவே இல்லை. அந்த வருஷத்தோடு படிப்பையும் விட்டுவிட்டுத் தறிக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த இடங்களில் எத்தனையோ விசாரணையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கையெழுத்து நினைவுக்கு வரும். இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கும், நாளைக்கு அணிக்கு மேனேஜராகவோ ஆசிரியராகவோ போகப்போகிறவர்களுக்கும் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். புகாரை எழுத்தில் வாங்குங்கள். யார்மேல் புகாரோ அவருக்கு அதைக் காட்டி, பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். புகார் சொன்னவரைத் தீர்ப்புச் சொல்ல உட்கார வைக்காதீர்கள். தப்பு எவ்வளவோ தண்டனையும் அவ்வளவுதான் இருக்கவேண்டும். விசாரணையை இழுக்காதீர்கள். நிரபராதி என்று தெரிந்தால், குற்றத்தை எந்தப் பலகையில் ஒட்டினீர்களோ அதே பலகையில் அதையும் ஒட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நல்ல ஆட்டக்காரன் என்பதற்காகப் புகாரை அமுக்குவதும் இதே அளவு அநியாயம்தான். முக்கியமாக மாணவிகள் கொடுக்கும் புகார். 2013-ல் வந்த சட்டப்படி பாலியல் தொல்லைப் புகாரை உள்புகார்க் குழு 90 நாளுக்குள் விசாரித்து முடிக்கவேண்டும். கோப்பை போய்விடும் என்று பயந்து ஒரு பொண்ணின் வாயை அடைத்தால், அமர்நாத்தைக் கப்பலேற்றியவர்களைவிட நாம் மோசமானவர்கள். முறையாக விசாரிப்பது புகார் சொன்னவருக்கும் காவல், சொல்லப்பட்டவருக்கும் காவல்.

அமர்நாத்துக்கு ஒரு பொமான்ட் குழு கிடைத்தது. 1991-ல் பத்மபூஷண் கிடைத்தது. 2000 ஆகஸ்ட் 5-ஆம் தேதி டில்லியில் மறைந்தபோது நாடே அவரை நினைத்துக்கொண்டது. எங்கள் வாலிபால்காரனுக்கு எந்தக் குழுவும் இல்லை. ஐம்பது வருஷமாக எந்தச் சந்திப்புக்கும் அவன் வந்ததில்லை. அந்த ஆண்டு அணியின் பெயர்ப் பட்டியலில் அவன் பெயரும் இல்லை.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் அவன் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று. அன்றைய அணியில் இப்போது இருப்பவர்கள் எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இந்தத் தடவை நான் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்த மலரையும் அழைப்பிதழையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகப்போகிறேன். வருவானா மாட்டானா என்பது அவன் இஷ்டம். கேட்க வேண்டியது என் கடமை.

சந்திப்பு நாளில் எல்லோரையும் பார்க்கிறேன். வணக்கம்.

— பழைய மாணவன், இளம்பிள்ளை